ரோடும் குப்பையும் கூலியும்

ரோடு ஏன் பெயர்கிறது? மழை என்போம், காண்ட்ராக்டர் என்போம். இரண்டும் சரிதான். ஆனால் அடியில் ஒரு வேதியியலும் உண்டு. ஜல்லிக்கும் தாருக்கும் நடுவே தண்ணீர் புகுந்தால் பிடிப்பு விட்டுப்போகும். பள்ளம் அங்கேதான் தொடங்குகிறது.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கைவைத்தது இந்த இடைவெளியில்தான். நறுக்கிய கேரி பேக்கைச் சுமார் 170 டிகிரி சூட்டில் இருக்கும் ஜல்லிமேல் தூவினால், அது உருகிக் கல்லைப் படலமாகப் போர்த்திக்கொள்கிறது. பிறகுதான் தார். தண்ணீர் எளிதில் புகாது. தாரிலும் சுமார் 10 சதவீதம் மிச்சம். பி.வி.சி. மட்டும் கலக்கவே கூடாது; சூட்டில் நச்சு வாயு கிளம்பும். 2006இல் காப்புரிமை, 2013இல் இந்தியச் சாலைக் காங்கிரசின் வழிகாட்டு நெறி, 2018இல் பத்மஸ்ரீ.

'பிளாஸ்டிக் மனிதர்' என்று பத்திரிகைகள் கட்டமைத்த இந்த நாயகக் கதையாடலில் காணாமல் போவது யார்? பி.வி.சி.யைப் பிரித்தெடுப்பது ஆய்வுக்கூடம் இல்லீங்க, குப்பைமேட்டில் குனிந்து நிற்கும் கை. அந்தக் கை பிசகினால் சூத்திரமே பிசகும். அதாவது, அந்தப் பிரிப்பும் ஓர் அறிவு. அந்த வேலை எந்தச் சாதிகளின் தலையில் விழுகிறது என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

மிச்சமான தாருக்குக் கணக்கு எழுதும் நாம், அந்தக் கைக்கு என்ன எழுதுகிறோம்? 'மலிவு' என்ற சொல்லை அங்கிருந்துதான் வாசிக்க வேண்டும். உங்கள் ஊரில் இப்படியொரு ரோடு போட்டால், மதிப்பீட்டில் பிரிப்புக் கூலி என்று ஒரு வரி இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதற்கு 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது.