கேரளத் தோட்டத்தில் நடந்த குற்றத்துக்கு தேவாரத்தில் புகார் கொடுக்கலாமா? 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்' பற்றி பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

தேனி மாவட்டம் தேவாரம், போடிநாயக்கனூர், கம்பம் பகுதிகளில் இருந்து தினமும் பெண்கள் ஜீப் ஏறி, கேரளாவின் இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். காலையில் போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக மாநில எல்லையைத் தாண்டி, மாலையில் வீடு திரும்புவார்கள்.

தோட்டத்தில் வைத்து ஒரு பெண்ணை யாராவது தாக்கினாலோ, பாலியல் தொல்லை கொடுத்தாலோ எங்கே புகார் கொடுப்பது? "சம்பவம் நடந்தது கேரளாவுல, அங்க போய் குடும்மா" என்று உள்ளூர் ஸ்டேஷனில் திருப்பி அனுப்பலாமா?

அனுப்பக் கூடாது. சட்டம் தெளிவாகவே சொல்கிறது.

ஜீரோ எஃப்.ஐ.ஆர் என்றால் என்ன?

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 173-வது பிரிவுப்படி, வாரன்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் எங்கே நடந்திருந்தாலும், எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். சம்பவ இடம் தங்கள் எல்லைக்குள் வராவிட்டால், போலீசார் எண்ணுக்குப் பதில் பூஜ்ஜியம் போட்டு எஃப்.ஐ.ஆர் பதிவு செய்து, உரிய ஸ்டேஷனுக்கு மாற்ற வேண்டும்.

உதாரணமாக, உடும்பன்சோலை பக்கம் நடந்த குற்றத்துக்கு தேவாரத்திலேயே எஃப்.ஐ.ஆர் போட்டு, கேரள போலீசுக்கு அனுப்பலாம். எஃப்.ஐ.ஆர் நகலை இலவசமாகத் தர வேண்டும். பாலியல் குற்றம் என்றால் பெண் அதிகாரிதான் புகாரைப் பதிவு செய்ய வேண்டும்.

புகார் பதிவானால் போதுமா?

போதாது. இரண்டு வழக்குகளைப் பாருங்கள்.

சாமியார் ஆசாராம் மீதான வழக்கில் சம்பவம் நடந்தது ராஜஸ்தானின் ஜோத்பூர் அருகே. 2013 ஆகஸ்ட்டில் டெல்லியில் ஜீரோ எஃப்.ஐ.ஆர் பதிவாகி ஜோத்பூருக்கு மாற்றப்பட்டது. இரண்டு வாரத்துக்குள் அவர் கைதானார். 2018-ல் ஆயுள் தண்டனை கிடைத்தது.

மணிப்பூரில் 2023 மே 4-ம் தேதி பெண்கள் நிர்வாணமாக்கி இழுத்துச் செல்லப்பட்ட கொடுமைக்கு, மே 18-ல் ஜீரோ எஃப்.ஐ.ஆர் பதிவானது. உரிய ஸ்டேஷனுக்கு அது போய்ச் சேர்ந்தது ஜூன் 21-ல்தான். ஜூலையில் வீடியோ பரவி நாடே கொதித்த பிறகே முக்கிய நபர் பிடிபட்டார்.

அதனால் புகார் கொடுத்ததோடு விட்டுவிடாதீர்கள். எந்த ஸ்டேஷனுக்கு, எந்தத் தேதியில் அனுப்பினார்கள், அங்கே புது எண் என்ன என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ தெரிவிக்க வேண்டியது போலீசின் கடமை.

புகாரை வாங்க மறுத்தால்?

மாவட்ட எஸ்.பி.க்கு எழுத்து மூலம் தபாலில் அனுப்பலாம். அதன் பிறகும் நடவடிக்கை இல்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்கலாம். பாலியல் வன்கொடுமை போன்ற குற்றங்களில் புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் போலீஸ் அதிகாரிக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

ஜீப்பும் வேலையிடம்தான்

முதலாளி ஏற்பாடு செய்யும் வாகனத்தையும் பணியிடமாகவே கருதுகிறது 2013-ம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் தோட்டம் என்றாலோ, புகாரே முதலாளி மீது என்றாலோ, தோட்டம் இருக்கும் மாவட்டத்தின் உள்ளூர் புகார் குழுவிடம் 3 மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம். இந்த விஷயத்தில் இடுக்கி மாவட்டக் குழுவைத்தான் அணுக வேண்டும்.

உதவிக்கு யாரை அழைப்பது?

அவசரம் என்றால் 112. பெண்கள் உதவி எண் 181. இந்த எண் மூலம் மாவட்ட ஒருங்கிணைந்த சேவை மையத்தின் உதவியையும் பெறலாம். ஆலோசனை, மருத்துவம், சட்ட உதவி, தற்காலிகத் தங்குமிடம் எல்லாம் அங்கே ஒரே இடத்தில் கிடைக்கும். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு; அதற்கு 15100.

பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்கு அரசு, தனியார் எந்த மருத்துவமனையும் உடனே இலவச சிகிச்சை தர வேண்டும். எஃப்.ஐ.ஆர் போட்டுவிட்டு வாருங்கள் என்று காக்க வைக்கக் கூடாது.

ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, தெரியாத ஊர் ஸ்டேஷனைத் தேடி அலைய முடியாமலேயே பல புகார்கள் வீட்டோடு நின்றுவிடும். உங்கள் ஊர் ஸ்டேஷனிலேயே கொடுக்கலாம் என்பதை ஜீப்பில் கூட வரும் பெண்களுக்கும் சொல்லுங்கள்.