தென்னந் தெளுவும் பான வியாபாரத்தின் புதுச் சுவைகளும்

திருப்பூர் ஜில்லா என்றவுடன் பனியன் ஆலைகளும் விசைத்தறிகளுமே பிறர் நினைவுக்கு வருவது வழக்கம். ஆயினும் உடுமலைப்பேட்டை, மடத்துக்குளம், தாராபுரம், பல்லடம், காங்கயம் ஆகிய தாலுகாக்களில் தென்னையே பல குடியானவர்களின் முக்கிய ஜீவனமாக இருந்து வருகிறது. காங்கயத்தின் கொப்பரைக் களங்களும் எண்ணெய் ஆலைகளும் இதற்குப் போதிய சான்று. காயின் விலையோ ஓர் ஆண்டு ஏறுவதும் மறு ஆண்டு இறங்குவதுமாக உள்ளது. 2016-ஆம் ஆண்டில் பொள்ளாச்சிப் பகுதியில் காணப்பட்ட சுருள் வெள்ளை ஈயும் தோப்புகளுக்குப் பெருந்தொல்லையாயிற்று. இந்நிலையில், காயையும் கொப்பரையையும் மட்டும் நம்பியிராமல், தென்னம்பாளையின் இனிய சாறாகிய தெளுவை விற்பது லாபகரமா என்று பலர் விசாரித்து வருகின்றனர். நீரா என்று அரசாங்க விதிகளில் குறிக்கப்படுவதும் இதுவே.

பானங்களில் ஜனங்களின் ருசி மாறி வருவது உண்மை. மாங்காய்ப் பானகம், ஜல்ஜீரா முதலிய வீட்டுப் பானங்களைப் பையில் அடைத்து 2013-ல் ‘பேப்பர் போட்’ என்ற பெயரில் ஒரு கம்பெனி விற்கத் தொடங்கி நாடெங்கும் அறிமுகமாயிற்று. 2017 மார்ச்சு 1 முதல் தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் பெப்ஸி, கோக்கோ கோலா பானங்களை விற்பதில்லையென்று தீர்மானித்தபோது, உள்ளூர்ப் பானங்களைக் கேட்டு வாங்கும் பழக்கம் வலுப்பெற்றது. நன்னாரி, பன்னீர், இஞ்சி, எலுமிச்சை ஆகிய பழைய சுவைகளே இன்று புதுச் சுவைகளாக மதிக்கப்படுகின்றன.

எனினும் புதுமை மோகம் நிலையானதன்று. அமெரிக்காவில் 2004-ல் இளநீரை அடைத்து விற்கும் ‘ஜிக்கோ’ என்ற கம்பெனி தோன்றியது. அது செழிக்கக் கண்டு கோக்கோ கோலா கம்பெனி 2013-ல் அதை முழுவதும் வாங்கிற்று. ஏழாண்டுகளுக்குப் பின், 2020-ல், அப்பானத்தை நிறுத்திவிடுவதாக அதே கம்பெனி அறிவித்தது. பெருமுதல் படைத்தோருக்கே இக்கதியெனில், சிறு முதலுடையோர் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

தெளுவில் வேறொரு சங்கடமும் உண்டு. பாளையிலிருந்து சொட்டும்பொழுது அது மதுவன்று. வெப்பத்தில் சில மணி நேரம் நின்றால், காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் அதன் சர்க்கரையைச் சாராயப் பொருளாக்கிவிடுகின்றன. அப்போது அது கள். 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் பல மாறுதல்களுடன் நம் மாநிலத்தில் அமலில் உள்ளது; கள் விற்பனை 1987 முதல் தடுக்கப்பட்டிருக்கிறது. 2017-ல் சட்டம் திருத்தப்பட்டு, விவசாயிகளின் உற்பத்தி அமைப்புகள் உரிமம் பெற்று நீரா இறக்கி விற்க வழி செய்யப்பட்டது. ஆகவே காலையில் நல்ல பானமாக இறக்கியது, அசட்டையால் மாலைக்குள் தோப்புக்காரரைக் குற்றவாளியாக்கிவிடக்கூடும்.

இதைத் தவிர்க்கும் வழி குளிர்ச்சியே. பழைய முறையில் கலயத்தினுள் சுண்ணாம்பு தடவுவர். அது புளிப்பைத் தாமதப்படுத்துமேயன்றி, சாறின் நிறத்தையும் ருசியையும் மாற்றிவிடும். காசர்கோட்டிலுள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தார், பாளையின் நுனியிலேயே பொருத்தும் பனிக்கட்டிப் பெட்டியொன்றை அமைத்துள்ளனர். அதில் 5 டிகிரிக்குக் குறைவான குளிரில் சாறு சேர்வதால் சுண்ணாம்பு தேவையில்லை. இவ்வாறு எடுத்ததற்குக் ‘கல்பரசம்’ என்று பெயரிட்டுள்ளனர். மரத்திலிருந்து இறக்கியபின் கடை சேரும்வரையில் இக்குளிர் அறுபடாமல் இருக்கவேண்டும். இஞ்சி, எலுமிச்சை, நன்னாரி முதலியன சேர்ப்பதானால் பரிமாறும் சமயத்தில் சேர்ப்பதே உத்தமம்.

செலவு வரவுகளைப் பார்ப்போம். விரியாத பாளையைக் கட்டி, மெதுவாகத் தட்டி, நாள்தோறும் நுனியைச் சீவிவரின், சில நாட்களில் சாறு சுரக்கத் தொடங்கும். நல்ல மரமொன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 லிட்டர் தரும். ஆனால் சீவும் பாளையில் காய் கிடையாது; அக்காயின் அன்றைய விலையைச் செலவுக் கணக்கில் எழுதவேண்டும். மரமேறுவோர் கூலியே பெருஞ்செலவு. ஆண்டு முழுவதும் நிழலில் வேலை தரும் பனியன் கம்பெனிகள் அருகிருக்கையில், நாள்தோறும் மரமேறத் தேர்ந்த ஆட்கள் எளிதில் அகப்படார். கேரளத்தில் 2014-ஐ ஒட்டி அனுமதி கிடைத்ததும் தொடங்கப்பெற்ற நீராத் தொழில்கள் பல எதிர்பார்த்த விற்பனையை அடையவில்லை. தேர்ந்த ஆட்கள் போதாமையும், ஊருக்கு ஊர் ருசி வேறுபட்டமையும் அதற்குக் காரணங்களாகும்.

ஆதலால் முதலில் சில மரங்களில் மட்டும் தொடங்குவதே விவேகம். அருகிலுள்ள ஆலைகளின் உணவுச்சாலைகளிலும் பேருந்து நிலையக் கடைகளிலும் தினசரி எவ்வளவு செலவாகுமென்று கண்டபின்னரே மரங்களைக் கூட்டவேண்டும். விற்பனையாகாதெனத் தோன்றும் சாற்றைப் புளிக்குமுன் அன்றே காய்ச்சிச் சர்க்கரையாக்கிவிடலாம். நூறு லிட்டருக்குச் சுமார் 12 முதல் 15 கிலோ வரை சர்க்கரை கிடைக்கும். அது நெடுநாள் கெடாது. காய்ச்சும் அடுப்பில்லாத தோப்பில் பாளை சீவத் தொடங்குவது தகாது.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் கடமையுண்டு. உரிமம் பெற்ற அமைப்பின் பெயரையும் சீவும் மரங்களின் எண்ணிக்கையையும் அவர்கள் தெரிந்து வைத்திருப்பது, நேர்மையான குடியானவருக்கு வீண் தொந்தரவு நேராமல் காக்கும். தோப்புக்காரர் ஒவ்வொரு வேளையும் நீல லிட்மஸ் தாளால் சோதித்து, தாள் சிவந்தால் அச்சாற்றை விற்பனையினின்று நீக்கிவிடவேண்டும். இது சட்ட பூர்வமான பரீட்சையன்று. தமக்கே ஓர் எச்சரிக்கையாகும்.

பட்டணத்தாரின் ருசி எப்பொழுது மாறுமென்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. சுத்தம், குளிர்ச்சி, உரிமம், அன்றாடக் கணக்கு ஆகிய நான்கையும் கைக்கொள்வோர், அது மாறினாலும் தோப்பை இழவாமல் இருப்பர்.