ஈப்போவில் ஆடிய சிக்கிம் பையன்

புந்தோங்கில் மாலையானால் திடலில் பந்து உருளாத நாள் குறைவு. அங்கே ஆடும் பையன்களில் என் தம்பியும் ஒருவன். படிவம் ஐந்து மாணவன். வேறு மாநிலக் காற்பந்துக் குழு ஒன்றின் இளையோர் தேர்வுக்கு அவனுக்கு அழைப்பு வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் தினமும் விவாதம்தான். "பந்து சோறு போடுமா?" என்கிறார் அம்மா. "பைச்சுங்கைப் பாருங்கக்கா" என்கிறார் மாமா.

பைச்சுங் பூட்டியாவை மாமா தொலைக்காட்சியில் மட்டும் பார்த்தவரல்லர். 2003ஆம் ஆண்டு பைச்சுங் பேராக் அணிக்கு ஆடியபோது ஈப்போ அரங்கில் நேரில் பார்த்தவர். இந்திய அணிக்குத் தலைமையேற்ற ஒருவர் நம் ஊரில் ஆடினாரா என்ற வியப்பில் அவருடைய வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். மாமா சொன்னதற்கும் அதில் ஆதாரம் இருந்தது. அம்மா சொன்னதற்கும் இருந்தது!

மூன்று குழுக்கள் சேர்க்கவில்லை

பைச்சுங் 1976ஆம் ஆண்டு சிக்கிம் மாநிலத்தின் தின்கிதாம் என்ற மலைக்கிராமத்தில் பிறந்தார். பெற்றோர் விவசாயிகள். மகன் விளையாட்டின் பின்னால் போவதில் அவர்களுக்கும் தொடக்கத்தில் விருப்பமில்லை. உறவினர் ஒருவர் கொடுத்த ஊக்கமும், ஒன்பது வயதில் கிடைத்த விளையாட்டு உபகாரச் சம்பளமும் அவரைக் கேங்டாக் நகரப் பள்ளிக்குக் கொண்டுபோயின. 1993ஆம் ஆண்டு, பதினாறு வயதில், கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் குழுவில் சேர்ந்தார். பிறகு பஞ்சாபின் ஜே.சி.டி. குழுவுக்குச் சென்று, 1996–97 தேசிய லீக்கில் அதிக கோல் அடித்தவரானார்.

அடுத்தது இங்கிலாந்து. புல்ஹாம், வெஸ்ட் புரோம்விச் ஆல்பியன், ஆஸ்டன் வில்லா ஆகிய மூன்று குழுக்களின் தேர்வுகளுக்கும் சென்றார். எதிலும் இடம் கிடைக்கவில்லை. 1999ஆம் ஆண்டு செப்டம்பரில், அந்நாட்டின் மூன்றாம் நிலை லீக்கில் இருந்த பெரி என்ற சிறிய குழு அவரை ஒப்பந்தம் செய்தது. ஐரோப்பியக் குழுவோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட முதல் இந்திய ஆட்டக்காரர் அவர்தான்.

மூன்று பருவங்களில் 37 லீக் ஆட்டங்கள், 3 கோல்கள். காயம் ஒரு பக்கம். குழுவின் பண நெருக்கடி மறுபக்கம். 2002ஆம் ஆண்டு இந்தியா திரும்பினார். இதைத் தோல்வி என்று சொல்லிவிடலாம். ஆனால் மறு ஆண்டே, ஜகார்த்தாவில் நடந்த ஆசியான் குழுக்கள் கிண்ணப் போட்டியில் ஈஸ்ட் பெங்கால் அணிக்காக 9 கோல்கள் அடித்து முதலிடம் பிடித்தார். தாய்லாந்தின் பி.இ.சி. தேரோ சாசானா அணியை 3–1 என்று வென்ற இறுதியாட்டத்திலும் அவர் கோல் உண்டு. அதன் பிறகுதான் பேராக் வந்தார். 2005ஆம் ஆண்டு சிலாங்கூரின் எம்.கே. லேண்ட் அணிக்கும் ஆடினார். இரண்டுமே குறுகிய காலம்தான்.

குழுக்களே காணாமல் போயின

அம்மாவின் கவலைக்கான ஆதாரம் இதோ. பைச்சுங் புகழ்பெற்ற ஜே.சி.டி. குழு 2011ஆம் ஆண்டு கலைக்கப்பட்டது. நூற்றாண்டு கடந்த பெரி குழு, கடன் சிக்கலால் 2019ஆம் ஆண்டு இங்கிலாந்து லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. குழுவே இல்லாமல் போனால் ஆட்டக்காரனுக்கு எது மிச்சம்?

இந்தக் கேள்வியைப் பைச்சுங்கும் அறிந்திருந்தார். 2006ஆம் ஆண்டு இந்தியக் காற்பந்து ஆட்டக்காரர்கள் சங்கம் உருவானபோது அதன் தலைவராகப் பொறுப்பேற்றார். சம்பளம், ஒப்பந்தம், காயம் போன்றவற்றில் ஆட்டக்காரன் தனியாக நின்று பேச முடியாது என்பதற்காகவே இத்தகைய சங்கங்கள் இருக்கின்றன. மலேசியாவிலும் அப்படியொரு சங்கம் உண்டு. பின்னர் சிறுவர்களுக்கான காற்பந்துப் பள்ளிகளையும் அவர் தொடங்கினார். 2012ஆம் ஆண்டு ஜனவரியில் டெல்லியில் நடந்த அவருடைய வழியனுப்பு ஆட்டத்தில் பாயர்ன் மியூனிக் 4–0 என்று வென்றது. ஆனாலும் அரங்கம் அவருக்காகவே ஆர்ப்பரித்தது.

கேட்க வேண்டிய கேள்விகள்

நண்பர்களே, விளையாட்டில் வெளியூர் போக வாய்ப்பு வந்தால், "போகலாமா, வேண்டாமா" என்பதோடு நின்றுவிடாதீர்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா? சம்பளம் எந்தத் தேதியில் வரும்? காயம்பட்டால் மருத்துவச் செலவு யாருடையது? பள்ளிப் படிப்பைத் தொடர வழி உண்டா? இவற்றைக் கேட்பது அவமரியாதை அல்ல. பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் கையெழுத்திடவும் வேண்டாம்.

அதேபோல், ஒரு தேர்வில் இடம் கிடைக்கவில்லை என்பதற்காகக் காலணியை மூலையில் போட்டுவிடவும் வேண்டாம். மூன்று இடங்களில் தோற்ற பிறகுதான் பைச்சுங்கிற்கு நான்காவது கதவு திறந்தது.

இந்தக் கேள்விகளைத் தம்பி ஒரு தாளில் எழுதிக்கொண்டான். கடைசியில் அம்மாவும் ஒன்றைச் சேர்த்தார்: "சாப்பாடு யார் போடுவாங்க?" எஸ்.பி.எம். முடிந்ததும், அந்தத் தாளோடு மாமாதான் அவனைத் தேர்வுக்கு அழைத்துப் போகிறார்.