சுவிட்சர்லாந்து போக ஆசையா? அவசரப்பட்டு டிக்கெட் வாங்காதீர்கள்!

திருவண்ணாமலைக்காரர்களுக்கு மலை புதிது அல்ல. பவுர்ணமிதோறும் 14 கிலோ மீட்டர் கிரிவலம் வருகிறவர்கள் அவர்கள். அண்ணாமலையின் உயரம் சுமார் 2,668 அடி.

சுவிட்சர்லாந்தில் 'யுங்பிராவ்யோக்' என்ற இடம் இருக்கிறது. அதன் உயரம் 11,332 அடி! கோடையிலும் அங்கே பனி மூடிக் கிடக்கும். மலையைக் குடைந்து ரெயில் பாதை போட்டு இருக்கிறார்கள். 1912-ம் ஆண்டில் திறந்த பாதை அது.

"நாமும் போனால் என்ன?" என்று உங்கள் வீட்டில் பேச்சு எழுகிறதா? போகலாம். ஆனால் பல வருடம் சேர்த்த பணம் வீணாகக் கூடாது. எதை முதலில் செய்வது?

பாஸ்போர்ட்

கைக்குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும். பயணம் முடிந்த பிறகும் 3 மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும்.

விசா

அடுத்தது, 'ஷெங்கன்' விசா. இந்த ஒரே விசாவில் 29 ஐரோப்பிய நாடுகளுக்குப் போகலாம். எந்த நாட்டில் அதிக நாள் தங்குவீர்களோ, அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கைரேகை பதிக்க நேரில் போக வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்சூரன்சும் தேவை.

பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. விசா மறுக்கப்பட்டால் அது திரும்பி வராது! "விசா நிச்சயம்" என்று சொல்லும் தரகர்களை நம்பாதீர்கள். ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் முன்பதிவுகளை மட்டும் செய்யுங்கள்.

செலவு

அங்கே பணம் 'பிராங்க்'. விலைவாசி மிக அதிகம். சமையல் அறை உள்ள விடுதி நல்லது. குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். நெய்யையும் பால்கோவாவையும் கொண்டு போகாதீர்கள். இந்தியாவில் இருந்து கொண்டு போகும் பால் பொருள்களுக்கு அனுமதி இல்லை. 'சுவிஸ் டிராவல் பாஸ்' வாங்கினால், பெற்றோருடன் வரும் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ரெயில் இலவசம். அதற்கான குடும்ப அட்டையைக் கேட்டு வாங்குங்கள்.

உயரமான இடத்தில் மூச்சு வாங்கும். இருதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறக் கூடாது.

தலைநகர் பெர்னில் சிவன் கோவிலும் இருக்கிறது! ஈழத் தமிழர்கள் வழிபடும் ஞானலிங்கேச்சுரர் ஆலயம் அது. பல சமயத்தாருக்கும் பொதுவாக 2014-ம் ஆண்டில் திறந்த 'சமயங்களின் இல்ல'த்தில் அது அமைந்து உள்ளது.

மே மாத விடுமுறையில் போக எண்ணமா? கார்த்திகை தீபத்துக்கு முன்பே எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்து விடுங்கள்.