ஒரு மெட்டு என்ன விலை?



கத்திரிக்காய் என்ன விலை என்று கேட்டால் நம் எல்லாருக்கும் தெரியும். ஒரு மெட்டு என்ன விலை என்று கேட்டால்? எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. அரையாண்டு லீவுக்கு வண்ணாரப்பேட்டையில் இருக்கிற பெரியம்மா வீட்டுக்குப் போனபோது தெரிந்துகொண்டேன். அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

பெரியம்மா மகன், எங்க அண்ணன், கச்சேரி ட்ரூப்பில் கீபோர்டு வாசிக்கிறார். ஒரு ராத்திரி கச்சேரிக்கு 1,500 ரூபாய் கிடைக்கும். போன வருஷம் செல்போன் கேம் தயாரிக்கிற ஒருவர் அவரிடம் வந்து, "மூணு சின்ன மியூசிக் போட்டுக் கொடுப்பா, 3,000 தர்றேன்" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் ஆறு நாள் ராத்திரி கண் விழித்துச் செய்து கொடுத்தார். "இந்த மூன்று இசைத் துணுக்குகளின் உரிமையை 3,000 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டேன்" என்று ஒரு தாளில் கையெழுத்தும் போட்டார்.

ஆறு மாசம் கழித்து அதே மெட்டு வேறொரு கேமிலும் வந்தது. ஒரு விளம்பரத்திலும் வந்தது. அண்ணன் போன் பண்ணிக் கேட்டதற்கு, "அதான் காசு வாங்கிட்டியே!" என்று சொல்லிவிட்டார்களாம். அண்ணன் அன்னைக்கு சாப்பிடவே இல்லை என்று பெரியம்மா சொன்னாங்க.

கூலி வேறு, வாடகை வேறு

எதிர்வீட்டு மாமா பாரிமுனையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. அவர்தான் எங்களுக்குப் புரியும்படி சொன்னார்.

"ஒரு வீடு கட்டினா கொத்தனாருக்குக் கூலி. கட்டி முடிச்ச வீட்டில் யாராவது குடியிருந்தா வீட்டுக்காரருக்கு வாடகை. வீட்டையே வித்தா அது கிரயம். மூணுக்கும் ஒரே விலையா?"

"இல்லை" என்றோம்.

"மெட்டுப் போடுறவன் கொத்தனாரும் அவன்தான், வீட்டுக்காரனும் அவன்தான். உங்க அண்ணன் கொத்தனார் கூலியை மட்டும் வாங்கிக்கிட்டு வீட்டையே எழுதிக் கொடுத்துட்டான்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. இசைக்கு இரண்டு விலை உண்டு. ஒன்று அதை உருவாக்கும் உழைப்புக்கு. இன்னொன்று அதைப் பயன்படுத்தும் அனுமதிக்கு. இந்த அனுமதிக்குத்தான் உரிமம் என்று பெயர்.

விலை சொல்லும் முன் கேட்க வேண்டியவை

1. எத்தனை நிமிடம்? கேம் இசைக்கு, முடிந்து கைக்கு வரும் இசையின் நிமிடக் கணக்கில் விலை பேசுவது உலக வழக்கம். கேமில் ஒரு நிமிட இசை திரும்பத் திரும்பச் சுற்றி ஓடும். ஒட்டுப் போட்டது தெரியாமல் முடிவும் தொடக்கமும் சேர வேண்டும். அதனால் ஒரு நிமிடம்தானே என்று நினைக்கக் கூடாது.

2. யார் வாசிப்பது? கம்ப்யூட்டரிலேயே செய்தால் செலவு குறைவு. நாதஸ்வரம், தவில், வயலின் என்று ஆள் வைத்தால் அவர்கள் சம்பளம், ஸ்டுடியோ வாடகை எல்லாம் சேரும்.

3. எத்தனை முறை மாற்றுவது? "இதை மாத்து, அதை மாத்து" என்பதற்கு ஒரு கணக்கு வேண்டும். இரண்டு தடவைக்கு மேல் என்றால் தனிக் காசு என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

4. எதற்கு, எங்கே, எவ்வளவு காலம்? ஒரே கேமுக்கா, விளம்பரத்துக்குமா? இந்தியாவுக்குள்ளா, உலகம் முழுவதுமா? மூன்று வருடமா, எப்போதுமா? உரிமை பெரிதானால் விலையும் பெரிதாக வேண்டும்.

5. அவர்களுக்கு மட்டுமா? வேறு யாருக்கும் தரக் கூடாது என்றால் விலை கூடும். நாமும் வேறு இடத்தில் தரலாம் என்றால் குறைக்கலாம்.

பழைய பாட்டைப் போட்டுக்கொள்ளலாமே?

இதை நான் மாமாவிடம் கேட்டேன். முடியாதாம். ஒரு சினிமாப் பாட்டை அப்படியே கேமில் வைக்க இரண்டு அனுமதி வேண்டும். மெட்டுக்கும் வரிகளுக்கும் ஒன்று, அந்த ஒலிப்பதிவுக்கு ஒன்று. வேறு ஆளை வைத்துப் பாடிப் பதிந்தாலும் முதல் அனுமதி வேண்டும். மேடையில் பாடுவதற்கும் மெட்டின் உரிமை உண்டு. 2017-ல் இளையராஜா தன் பாடல்களை அனுமதி இல்லாமல் மேடையில் பாடக் கூடாது என்று எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். நண்பர்களுக்குள் இப்படியா என்று நாடே பேசியது. பாடியவர் வேறு, மெட்டுக்கு உரியவர் வேறு என்பது அப்போது பலருக்குத் தெரிந்தது.

2023-ல் 'வெண்பா' என்று ஒரு வீடியோ கேம் வந்தது. கனடாவில் டொரண்டோ நகரத்துத் தமிழர் உருவாக்கியது. கனடாவுக்குக் குடிபோன தமிழ் அம்மா இட்லி, பிரியாணி எல்லாம் செய்வதுதான் விளையாட்டே! சமைக்கும்போது தமிழ்ப் பாட்டு ஒலிக்கும். கேட்டால் பழைய சினிமாப் பாட்டு மாதிரியே இருக்கும். ஆனால் எல்லாம் அந்தக் கேமுக்காகப் புதிதாகப் போட்டவை. அந்தந்தக் காலத்துப் பாணியில் மெட்டமைத்திருக்கிறார்கள். 2024-ல் அந்தக் கேமுக்கு இங்கிலாந்தின் பாஃப்டா விருது கிடைத்தது. பாணி யாருக்கும் சொந்தம் இல்லை, மெட்டு சொந்தம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

தாளில் எழுதாதது

அண்ணனின் தாளை மாமா இரண்டு தடவை படித்தார். பிறகு சிரித்தார். "இதுல வருஷம் போடலை, ஊரும் போடலை. நல்லதாப் போச்சு!" என்றார்.

நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது. அதன் 19-வது பிரிவில், உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எத்தனை காலம் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த இடம் என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. அதாவது, ஐந்து வருடம் கழித்து மெட்டு அண்ணனிடமே திரும்பி வந்துவிடும். அதுவரை பொறுக்க வேண்டியதுதான். "என்றென்றைக்கும், உலகம் முழுவதும்" என்று தாளில் எழுதியிருந்தால் இந்த வழியும் இருந்திருக்காது.

சினிமாவுக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. 2012-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். படத்துக்கு இசை அமைத்தவரும் பாட்டு எழுதியவரும், தியேட்டருக்கு வெளியே அந்தப் பாட்டுக்கு வரும் ராயல்டியில் தங்கள் சம பங்கை விட்டுக்கொடுக்க முடியாது. எழுதி வாங்கினாலும் செல்லாது.

இப்போது அண்ணன்

நான் ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள், கேம் செய்கிற காலேஜ் மாணவர்கள் இரண்டு பேர் அண்ணனைத் தேடி வந்தார்கள். இரண்டு நிமிட இசை வேண்டுமாம். "எங்ககிட்ட 4,000தான் இருக்கு அண்ணா" என்றார்கள். நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் முடியாது என்று சொல்லவில்லை. "சரிப்பா. ஆனா இந்த ஒரு கேமுக்கு மட்டும், மூணு வருஷத்துக்கு மட்டும். மெட்டு என்னோடது. கேம் நல்லா வித்தா அப்ப பங்கு பேசுவோம்" என்று சொல்லி, அதையே தாளில் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்கினார்.

காசு முன்பு போலக் குறைவுதான். ஆனால் இந்த முறை வீட்டை விற்கவில்லை, வாடகைக்கு விட்டிருக்கிறார்.

நம் பள்ளியிலும் நன்றாகப் பாடுகிறவர்கள், கவிதை எழுதுகிறவர்கள், படம் வரைகிறவர்கள் இருக்கிறார்கள். நாளைக்கு யாராவது வந்து "இதுக்கு என்ன விலை?" என்று கேட்டால் உடனே ரூபாயைச் சொல்லிவிடாதீர்கள். "எதுக்கு, எத்தனை நாளைக்கு?" என்று திருப்பிக் கேளுங்கள். கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவைக்கு இரண்டு தடவை படியுங்கள்.

உங்களுக்குத் தெரியுமா?

★ நம் ஆண்டு விழாவில் மாணவர்களும் ஆசிரியர்களும் சினிமாப் பாட்டுப் பாட யாரிடமும் உரிமம் வாங்க வேண்டாம். பள்ளி நிகழ்ச்சிகளுக்குச் சட்டமே விலக்குத் தந்திருக்கிறது.

★ ஒரு மெட்டின் உரிமை, அதைப் போட்டவர் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த பிறகு 60 ஆண்டுகளும் இருக்கும்.

★ 1985-ல் வந்த சூப்பர் மாரியோ கேமின் மெட்டை, பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளில் ஒன்றாக 2023-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் சேர்த்துக்கொண்டது. போட்டவர் ஜப்பானைச் சேர்ந்த கோஜி கொண்டோ.



— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி