புவியியல் படித்தால் என்ன பயன்? தருமபுரித் தண்ணீர் சொல்லும் பதில்

பிளஸ் டூ முடிவுகள் வந்துவிட்டால், ஜும்ஆ முடிந்து வெளியே வரும் பெற்றோர்கள் நம்மிடம் கேட்பது ஒன்றுதான்: "ஹஜ்ரத், பிள்ளையை எதில் சேர்க்கலாம்?" பொறியியல், நர்சிங், பி.காம். என்று பேச்சு நீளும். புவியியல் என்றால் மட்டும் முகம் மாறிவிடும். "நாடு, தலைநகரம் மனப்பாடம் செய்கிற பாடம்தானே, அதில் என்ன வேலை கிடைக்கும்?" என்பார்கள். மதரஸாவில் ஓதியதோடு கல்லூரியில் கலைப் பட்டமும் பெற்ற நமக்கு, இதற்குப் பதில் சொல்லும் கடமை உண்டு.

நமது தருமபுரி மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஒகேனக்கல்லில் காவிரி பாய்கிறது. ஆனாலும் நம் கிராமங்கள் பல, நெடுங்காலம் கிணற்றையும் ஆழ்குழாயையும் நம்பியே வாழ்ந்தன. ஏன்? ஆறு பள்ளத்தில் ஓடுகிறது; ஊர்கள் மேட்டில் இருக்கின்றன. தண்ணீர் தானாக மேலே ஏறாது.

கிணற்று நீரிலோ வேறு சிக்கல். மாவட்டத்தின் அடியில் கிடப்பது கடும்பாறை. அதிலுள்ள சில தாதுக்களிலிருந்து புளோரைடு நீரில் கரைகிறது. பாறையோடு நீண்ட காலம் தங்கிய நீரில் அது கூடுதலாக இருக்கும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு வழியில்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதி என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேல் போனால் வளரும் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை விழும். பல ஆண்டுகள் குடித்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும். கொதிக்க வைத்தாலும் புளோரைடு போகாது. நீர் ஆவியாவதால் எஞ்சிய நீரில் அதன் அளவு கூடவே செய்யும்.

கறை படிந்த பல்லைக் கண்டு, "ஒழுங்காகப் பல் துலக்குவதில்லை" என்று பிள்ளையைத் திட்டும் வீடுகள் உண்டு. கறை பாறையிலிருந்து வந்தது என்று எடுத்துச் சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை.

இதற்குத் தீர்வாகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் பாதிப்பு குறைப்புத் திட்டம் ஜப்பானின் கடனுதவியோடு 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவிடப்பட்டு, 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைச் சுத்திகரித்து மேலேற்றி அனுப்பும் திட்டம் இது. எந்த ஊர் நீரில் புளோரைடு எவ்வளவு, எந்த மேட்டில் தொட்டி கட்டுவது, குழாய் எந்த வழியில் போவது? இவை எல்லாம் வரைபடத்தை வைத்துக் கேட்கும் கேள்விகள். எது எங்கே இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது, சுற்றியுள்ள எதனோடு தொடர்புடையது என்று ஆராய்வதே புவியியல்.

இந்தக் கல்வி நமக்கு அந்நியமானதல்ல. கிப்லா "மேற்கு" என்று பொதுவாகச் சொல்கிறோம். கணக்கிட்டால், தருமபுரியில் அது நேர் மேற்கிலிருந்து ஏறத்தாழ 19 பாகை வடக்கே சாய்ந்திருக்கிறது. சென்னையைவிட இங்கே சூரியன் உச்சி சாய்வது சுமார் 8 நிமிடம் தாமதம். சென்னைக் கால அட்டவணையை அப்படியே மாட்டி வைத்தால் லுஹருடைய வக்து முந்திவிடும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அல்பிரூனி ஒரு மலையின் உயரத்தையும் அடிவானத்தின் சாய்வையும் கொண்டு பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார். இமாம் கஸ்ஸாலி அவர்கள் மருத்துவத்தையும் கணக்கையும் ஃபர்ளு கிஃபாயாவில் சேர்த்தார்கள். குடிக்கும் நீரை அறியும் கல்வியும் சமுதாயத்தில் சிலரிடமாவது இருக்க வேண்டாமா?

வேலை வாய்ப்புக்கு வருவோம். சேலம் அரசு கலைக் கல்லூரி, சென்னை மாநிலக் கல்லூரி, ராணி மேரி கல்லூரி போன்றவற்றில் புவியியல் துறை இருக்கிறது. ஆசிரியர் பணி, நில அளவை, நகரத் திட்டமிடல், பேரிடர் மேலாண்மை, வரைபடம் தயாரிக்கும் நிறுவனங்கள் எனப் பாதைகள் பல. ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்விலும் புவியியல் ஒரு விருப்பப் பாடம். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: பட்டம் மட்டும் போதாது. ஜிஐஎஸ் மென்பொருளையும் செயற்கைக்கோள் படங்களை வாசிக்கும் திறனையும் படிக்கும்போதே கற்க வேண்டும். 'கியூஜிஐஎஸ்' மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

எனவே பெற்றோர்களே, உங்கள் மகனோ மகளோ புவியியல் கேட்டால் உடனே தடுக்காதீர்கள். அதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: வீட்டு ஆழ்குழாய் நீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். வருகிற முடிவைப் பிள்ளையின் கையில் கொடுத்து, "ஏன் இப்படி?" என்று கேளுங்கள். இன்ஷா அல்லாஹ், அந்தக் கேள்விக்கு விடை தேடுவதிலேயே அதன் படிப்பு தொடங்கிவிடும்.