ஆழி கடந்த இளவீரர்

திருவண்ணாமலை மலையடியில் அமைந்த ஊர். கடலோ அதற்கு நெடுந்தொலைவில் உள்ளது. ஆயினும், அருணாசலேசுவரர் திருக்கோயிலினுள் சிவகங்கைத் தீர்த்தமும் பிரம தீர்த்தமும் உள்ளன. ஊரின்கண் ஐயங்குளம் விளங்குகிறது. இத்தகைய ஊர்களைச் சூழ்ந்துள்ள சிற்றூர்களில் ஏரியும் கிணறுமே சிறுவர்க்கு நீச்சற் பள்ளிகள். சுரைக்குடுக்கையை முதுகிற் கட்டிக்கொண்டு அஞ்சி அஞ்சி நீரில் இறங்கும் சிறுவன், சின்னாளில் குடுக்கையை எறிந்துவிட்டுத் தானே நீந்துவான். கிணற்றில் தொடங்கும் இக்கலை கடலையும் கடக்க வல்லது. அங்ஙனம் கடந்து காட்டிய தமிழ்நாட்டுச் சிறுவர் ஒருவரின் வரலாறு அறியத்தக்கது.

கிணற்றில் நீந்துதலும் கடலில் நீந்துதலும் ஒன்றல்ல. கிணற்றில் களைத்தவன் படியைப் பற்றி இளைப்பாறலாம்; கடலில் பற்றுதற்குப் படி இல்லை. துணைக்குத் தோணி ஒன்று உடன் வரும். ஆனால், நீந்துவோர் அதனைத் தொடுதல் ஆகாது. தொட்டால் முயற்சி முறிந்ததாகும். உணவும் நீரும் கழியின் முனையிலோ கயிற்றிலோ நீட்டப்பெறும். அவற்றை மிதந்தவாறே உண்ணல் வேண்டும். உடலிற் பட்டால் எரியும் இழுதுமீன்கள் ஒருபுறம். உப்புநீரால் வீங்கும் நாவும் உதடும் மறுபுறம். இவற்றினும் கொடியது நீரோட்டம். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே உள்ள ஆங்கிலக் கால்வாய், பெயரளவில் கால்வாயே அன்றி உண்மையில் கடலேயாம். மிகக் குறுகிய இடத்தில் அதன் அகலம் ஏறத்தாழ 33 கிலோமீட்டர். அங்கு ஏறத்தாழ ஆறு மணிக்கு ஒருமுறை நீரோட்டம் திசை மாறும். ஆதலின், நேராக நீந்துவோரும் வளைந்து வளைந்தே கரை சேர்வர். அவர் கடக்கும் தொலைவு பெருகிவிடும்.

இக்கடலை முதன்முதல் துணைக்கருவி இன்றி நீந்திக் கடந்தவர் மாத்தியூ வெப் என்னும் ஆங்கிலேயர். 1875-ஆம் ஆண்டில் அவர் 21 மணி 45 நிமிடத்தில் இதனை முடித்தார். இந்தியருள் முதலில் கடந்தவர் வங்காளத்தைச் சேர்ந்த மிகிர் சென், ஆண்டு 1958. அடுத்த ஆண்டே ஆரத்தி சாகா என்னும் நங்கையும் கடந்தார். மிகிர் சென் அதனோடு அமையவில்லை. 1966-ஆம் ஆண்டில் தலைமன்னாரினின்று தனுஷ்கோடி வரையுள்ள பாக் நீரிணையை 25 மணி 36 நிமிடத்தில் நீந்தினார். அவ்வாண்டிலேயே ஜிப்ரால்டர், தார்தனெல்சு, பாசுபரசு ஆகிய நீரிணைகளையும் பனாமாக் கால்வாயையும் கடந்தார். ஒரே ஆண்டில் ஐந்து நீர்வழிகள்! இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து இச்சாதனையை விஞ்சினார் ஒரு சிறுவர்.

அவரே குற்றாலீசுவரன். 1981-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஈரோட்டிற் பிறந்தவர். சென்னையில் நீச்சல் பழகிய இவருக்குப் பயிற்சியாளராய் வாய்த்தவர் கே. எஸ். இளங்கோவன். 1994-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் குற்றாலீசுவரன் பாக் நீரிணையைக் கடந்தார். அப்பொழுது அவருக்கு வயது 12. எடுத்துக்கொண்ட நேரம் ஏறத்தாழ 16 மணி. பதினாறு மணி என்பது ஒரு பகற்பொழுதினும் மிகுதியன்றோ? கரையும் தோன்றாத இருளில், தோணியின் விளக்கையும் துணைவரின் குரலையும் நம்பியே கடல் நீந்துவோர் கைவீசல் வேண்டும். ஒருமுறை கை வீசுதல் எளிது. அதனையே பல்லாயிர முறை சலியாது வீசுதலே அரிது. கடல் நீச்சலில் வெல்வது வலிமை மட்டுமன்று, பொறுமையும் ஆகும்.

அவ்வாண்டிலேயே அவர் ஆங்கிலக் கால்வாயையும், இத்தாலி நாட்டின் மெசீனா நீரிணையையும், அந்நாட்டின் மற்றொரு கடல்வழியையும் நீந்தினார். ஆஸ்திரேலியாவின் ராட்னெசுட்டுத் தீவுக் கடலிலும் நீந்தினார். தென்னாப்பிரிக்காவில் நெல்சன் மண்டேலா பதினெட்டு ஆண்டுகள் சிறையிருந்த ராபன் தீவுக் கடலின் குளிர்நீரிலும் நீந்தினார். இவ்வாறு ஒரே ஆண்டில் ஆறு கடல்வழிகளைக் கடந்து புதிய சாதனை படைத்தார். இந்திய அரசு 1996-ஆம் ஆண்டுக்குரிய அருச்சுனா விருதை அவருக்கு வழங்கியது.

எனினும், இவ்வரலாற்றில் எண்ணத்தக்க பகுதி இதன்பின் உள்ளது. கடல் நீச்சலுக்குப் பொருட்செலவு மிகுதி. தோணி, வழிகாட்டி, மருத்துவர், அயல்நாட்டுப் பயணம் ஆகிய அனைத்தும் வேண்டும். போதிய பொருளுதவி தொடர்ந்து கிட்டாமையால் குற்றாலீசுவரன் இளமையிலேயே நீச்சற்களத்தினின்று விலகினார். பொறியியல் கற்று, மேற்படிப்பிற்கு அமெரிக்கா சென்றார். புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் புலவர், இளமையில் மடுவிற் குதித்து அடிமணலை அள்ளி வந்ததை முதுமையில் நினைந்து இரங்குகிறார். இளமை மீளாது, அதற்குரிய ஆற்றலும் காத்திராது. பயிருக்கு நீர் பாய்ச்ச வேண்டிய காலம் ஒன்று உண்டு. அதுபோன்றே, திறமையைப் போற்றுதற்கும் காலம் உண்டு. வென்று வந்த நாளில் மாலை சூட்டும் கைகள், வெல்லப் புறப்படும் நாளிலும் துணைநிற்றல் வேண்டும்.

பன்னிரண்டு வயதில் கடலைக் கடக்க இயலும் என்று அவர் காட்டினார். அத்தகையோரை இடைவழியில் கைவிடாத நாடு என்னும் பெயரை ஈட்டுதல், கரையில் நிற்கும் நம் கடமையாகும்.